ஆடிய கோப்பையும் இரண்டு சம்பந்திகளும்

ராசிபுரத்தில் நான் மருமகளாகப் போன வீட்டில், கழிப்பறையின் வெஸ்டர்ன் கோப்பை ஒருநாள் ஆட ஆரம்பித்தது. அடியில் விரிசல் வேறு. உட்கார்ந்தால் இடது பக்கம் சாயும். எழுந்தால் ‘டக்’கென்று நேராகும்.

“உக்காந்தா கொல்லிமலை பஸ்ஸுல போறாப்பல இருக்குதுங்க. புதுசு வாங்கிப் போடுங்க” என்றார் அத்தை. முழங்கால் வலிக்காரர். அது இல்லாமல் அவருக்கு முடியாது.

மாமா அசையவில்லை. லாரி ஓட்டி, பிறகு சொந்தமாக லாரி வாங்கி, எல்லாவற்றையும் தானே பிரித்துப் பூட்டிப் பழகியவர். வந்து பார்த்த பிளம்பர் “மாத்திரலாங்க” என்றதும், “ஸ்பிரிங் பட்டை ஒடைஞ்சா லாரியவே மாத்துவியா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார். விரிசலில் வெள்ளை சிமெண்டை அப்பினார். சாய்கிற பக்கம் பழைய டயரில் வெட்டிய ரப்பர் துண்டைச் சொருகினார். கோப்பை வலது பக்கம் சாயத் தொடங்கியது.

அந்த வாரம்தான் திருச்செங்கோட்டிலிருந்து என் அப்பா என்னைப் பார்க்க வந்தார். ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். அவரும் மாமாவும் என் கல்யாணத்திலிருந்தே “வாங்க”, “சாப்பிட்டீங்களா” என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. காபி குடித்த அப்பா கழிப்பறைக்குப் போனார். வலது பக்கம் சாயும் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

உள்ளே ‘டக்’ என்றது. “அட!” என்று அப்பா குரல். பிறகு எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம். அத்தை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அப்பா ஈரக் கையோடு வந்து நின்றார். “ஏனுங்க சம்பந்தி, ரப்பரை ஒரு பக்கம் மட்டும் குடுத்தா நிக்குங்களா? சுத்திலும் குடுத்து போல்ட்டை முறுக்கோணுங்க.”

மாமா முகம் மலர்ந்துவிட்டது. “அதத்தானுங்க நானும் நெனச்சேன். இந்த ஊட்டுல யாருக்குப் புரியுது?”

ஸ்பேனர் பெட்டியோடு இருவரும் உள்ளே போனார்கள். எங்களுக்குக் குரல் மட்டும் கேட்டது.

“போதுமுங்க சம்பந்தி” என்றார் மாமா.

“அட, இருங்க. ரிக்குல இதவிட முறுக்குவோமுங்க.”

படீரென்று ஒரு சத்தம். தொடர்ந்து தண்ணீர் ஹாலுக்கே வந்துவிட்டது. நனைந்த வேட்டியோடு வெளியே வந்த அப்பாவின் கையில் கோப்பையின் முன்பாதி இருந்தது.

“சரக்கு சரியில்லீங்க” என்றார்.

“ஆமாங்க. எப்படியிருந்தாலும் போயிருக்கும்” என்றார் மாமா.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அத்தைக்கு அந்தக் குழப்பமே இல்லை. “அம்மிணி, உங்கப்பாவுக்கு இன்னொரு டம்ளர் காபி குடு. நல்ல காரியம் பண்ணியிருக்காரு” என்றார்.

அன்றைக்கே இருவரும் சேலம் போனார்கள். கடையில் இருந்த கோப்பைகளில் எல்லாம் மாறி மாறி உட்கார்ந்து பார்த்து ஒன்றை வாங்கி வந்தார்கள். அதைப் பொருத்தி முடிக்கும்வரை நாங்கள் பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தோம். பிளம்பர் வேலை செய்தபோது சம்பந்திகள் இருவரும் கதவருகே நாற்காலி போட்டு அமர்ந்து யோசனை சொன்னார்கள். ஸ்பேனர் பெட்டியை மட்டும் அத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இப்போதெல்லாம் அப்பா போன் செய்தால் மாமாவிடம்தான் முதலில் பேசுகிறார். நேற்று மாமா, வாஷிங் மெஷினில் ஏதோ சத்தம் வருவதாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.