பேஸ் பெட்டி இல்லாமல் விழுந்த அடி

நீங்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் எழுந்து போகிற ஆள் நான்தான். சத்தம்தான் என் தொழில். ஒரு சத்தம் கேட்டால் அது எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அந்த ஒன்றைத் தவிர.

சென்னையிலும் பெங்களூரிலும் கிளப்புகளில் டீஜேயாக இருந்தவன் நான். பாட்டுப் போடுவதில் என்ன திறமை வேண்டிக்கிடக்கிறது என்பவர்களை என் பக்கத்தில் ஒரு நாள் நிற்க வைக்க வேண்டும். ஒரு காதில் ஓடுகிற பாட்டு, இன்னொரு காதில் ஹெட்போனில் அடுத்த பாட்டு, இரண்டின் வேகத்தையும் ஒட்டி, எது முடிந்தது எது தொடங்கியது என்று தெரியாமல் மாற்ற வேண்டும். ஆடுகிறவர்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது, முகம் பொய் சொல்லும். காலைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே டிராப். தாளத்தை ஏற்றிக்கொண்டே போய், சட்டென்று நிறுத்தி, அடுத்த தாள வட்டத்தின் முதல் அடியான 'ஒன்று' வரும்போது, நெஞ்சை அதிர வைக்கிற பேஸை மொத்தமாக இறக்குவது. இம்மி பிசகினாலும் கூட்டம் தளர்ந்துவிடும். எனக்குப் பிசகியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் அது சொந்த ஊரில் செல்லுபடியாகவில்லை. சிவகாசியில் என் முதல் கல்யாண வரவேற்பு. கிளப்பில் இறக்குகிற மாதிரியே பேஸை இறக்கினேன், பட்டாசுக் கம்பெனி வெடித்துவிட்டதென்று மண்டபம் காலி. வாசலில் நின்று பெண்கள் வானத்தில் புகை தேடுகிறார்கள், ஆளுக்கொரு போனில் "எந்தக் கம்பெனில? அப்பா எங்கன இருக்காரு?" என்று பதறுகிறார்கள். அதோடு ஊர்க் கல்யாணங்களுக்குப் பேஸ் பெட்டியே கொண்டுபோவதில்லை. டிராப் வர வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். கைகள் தானாக மேலே போகும். 'ஒன்று' வரும்போது கூட்டமே சேர்ந்து ஒரே தட்டாகத் தட்டும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், நான் ஏற்றிவைத்த தாளம் தட்ட வைக்கும். பெங்களூரில் எந்தக் கொம்பனுக்கும் இது வராது. கூட்டத்தை ஓட விடாத டீஜே என்று விருதுநகர் வரை எனக்குப் பெயர்.

அன்றைக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், கம்பெனிகளுக்கெல்லாம் லீவு. மண்டபத்துக்கு முன்னால் ஆடுவதற்கென்று தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். பெண்ணின் பெரியப்பா கருப்பசாமி அண்ணாச்சி என் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இளவயதில் ஒரு வெடிவிபத்தில் இரண்டு காதும் போனவர், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஒண்ணுமே அதிரலயே" என்றார். "நம்ம ஊருக்காகத்தான் அண்ணாச்சி" என்றேன். சிரித்துக்கொண்டார்.

கொட்டகை நிறைய ஆட்டம். தாளத்தை ஏற்றினேன், நிறுத்தினேன், அத்தனை கைகளும் மேலே போயின. நம்பினால் நம்புங்கள், 'ஒன்று' வர வேண்டிய இடத்தில் ஓர் அடி விழுந்தது. நெஞ்சுக்கூட்டில் இடித்தது. தூக்கிய கைகள் தட்டவே இல்லை, குழந்தைகளை அள்ளிக்கொண்டு மொத்தக் கூட்டமும் வெளியே ஓடியது, மாப்பிள்ளை மாலையோடு ஓடினார், நானும்தான், கழுத்தில் ஹெட்போன் தொங்கத் தொங்க ஓடினேன். ஊர்க்காரன்தானே.

எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். "எங்கிட்டும் புகையக் காணமே" என்றார் ஓர் அக்கா. போன் போட்ட இடத்திலெல்லாம் ஒன்றுமில்லை என்றார்கள். ஓட விடாத டீஜே என்ற பெயர் இன்றோடு போச்சு என்று நான் நொந்து நிற்கும்போதுதான், பின்னால் கொட்டகையின் குறுக்கு இரும்பு கழன்று, தகரம் முழுக்க ஆட்டம் நடந்த இடத்தின் மேல் சரிந்தது. உள்ளே செருப்புகள்தான் கிடந்தன. ஓர் ஆள் இல்லை.

பெண்ணின் அம்மா அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நேரத்துல அந்த அடியப் போட்டீக தம்பி. உள்ள எம்புட்டுப் பேரு இருந்தாக!"

நான் போடவில்லை, பேஸ் பெட்டியே இங்கே இல்லை என்றேன். யார் நம்புவார்கள்? கருப்பசாமி அண்ணாச்சி ஒருவர்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் ஓடுறதப் பாத்துத்தான நீங்களும் வந்தீக, அண்ணாச்சி?"

இல்லை என்று தலையாட்டினார். "கேட்டுச்சு தம்பி. எங்காதுக்குக் கடைசியாக் கேட்டுச்சே, அதே சத்தம்."

கல்யாண வீடியோவை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அந்த இடத்தில் எந்தச் சத்தமும் பதிவாகவில்லை. நான் விட்ட இடைவெளிதான் இருக்கிறது. ஆனால் அத்தனை தலைகளும் ஒரே சமயத்தில் வாசல் பக்கம் திரும்புகின்றன. ஒவ்வொரு தடவையும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறேன், இம்மி பிசகாமல் 'ஒன்றில்' திரும்புகின்றன. அவ்வளவு சுத்தமான டிராப்பை நான் கேட்டதே இல்லை. அதை நான் போடவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இன்றும் தொழில் நன்றாகத்தான் போகிறது, யாரும் ஓடுவதில்லை. ஆனால் பாட்டை நிறுத்திக் கைகள் மேலே போன பிறகு, அவை தட்டுகிறவரை எனக்கு மூச்சு வருவதில்லை.