அலமாரிக்குள் ஒரு தும்மல்

பல் ஆஸ்பத்திரியில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் உதவியாளருக்கு இன்ன வேலைதான் என்று கிடையாது. நோயாளியின் கழுத்தில் துண்டு கட்டுவாள், வாய் கொப்புளிக்கத் தம்ளரில் தண்ணீர் வைப்பாள், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பாள், குறடுகளைக் கொதிக்கப் போடுவாள். முன்பெல்லாம் பயந்தவர்களின் கைகால்களை அமுக்கிப் பிடிப்பதும் அவள் தலையில்தான் விழுந்தது. அந்தப் பாவத்துக்கு அன்றன்றே கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள்.

டாக்டர் வீட்டுப் பழைய டிவி நாற்காலிக்கு எதிரே வந்ததும் அந்தப் பாவம் தீர்ந்தது. யாருக்கு எந்த நகைச்சுவைத் தொடர் என்று ஆளைப் பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிடும். ஆபீஸ்காரர்களுக்குத் தூங்குமூஞ்சி மேனேஜர் தொடர். கல்யாணமானவர்களுக்கு மாமியார் தொடர். வாய் தானாகத் திறக்கும். ஆண்டவன் வாயோடு சிரிப்பையும் சேர்த்துப் படைத்தது சும்மாவா?

ஆனால் அன்று காலை ஒருவர் சிரித்த சிரிப்பில் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டார்.

"போதும்க்கா. இது ஆஸ்பத்திரியா, சினிமாக் கொட்டகையா? சாயங்காலம் டிவியைக் கழட்டிடலாம்."

"டாக்டர், மறுபடியும் என்னைக் கையைக் காலை அமுக்க விட்டுறாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சரி, இப்ப வர்றவர் வாயைத் திறக்க வைங்க. திறந்தா டிவி இருக்கட்டும்."

வந்தவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். நாளெல்லாம் சாக்குப்போக்குகளைக் கேட்டு முகம் இறுகிப்போனவர். இரண்டு தடவை இதே நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமலே வீட்டுக்குப் போனவர். இந்தத் தடவை அவர் மனைவி வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா தன்னிடம் இருந்ததிலேயே பெரிய காட்சியைப் போட்டாள். மாமியாருக்குப் பயந்து மாப்பிள்ளை அலமாரிக்குள் ஒளிந்திருக்கிறான். தும்மல் வந்துவிடுகிறது. துணி மடித்துக்கொண்டிருக்கும் மாமியார், "ஆயுசு நூறு!" என்கிறாள். உள்ளேயிருந்து பதில் வருகிறது: "தேங்க்ஸ் அத்தை!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பரிசோதகர் செல்லாத டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்தார்.

"ஏன் சார், சிரிப்பு வரலையா?"

"ம்ஹும்."

"ஒளிஞ்சிருக்கிறவன் தேங்க்ஸ் சொல்றான் சார்! அவன் மரியாதையே அவனைக் காட்டிக் கொடுக்குது. அதான் சிரிப்பு."

பரிசோதகரின் புருவம் ஏறியது. ரயில் கழிப்பறைக்குள் ஒளிந்தவர்களை இருபது வருஷமாகப் பிடிப்பவரிடமா இந்தக் கதை?

"தப்பும்மா! அந்தம்மா திரும்பியே பாக்கல, கவனிச்சியா? அவளுக்கு முன்னாடியே தெரியும்! தெரிஞ்சும் துணி மடிக்கிறா பாரு, அங்கதான்..."

அதற்குள் டாக்டரின் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி வாய்க்குள் போய்விட்டது. பின்னாலேயே ஊசி. வாய் மரத்துப்போகும்வரை அக்கா வாதத்தை ஆறவிடவில்லை.

"திரும்பாததுதான் சிரிப்புன்னா, அங்க செவரும்தான் திரும்பல!"

"ஆ... ஆங்... அதில்ல..." என்று அவர் இன்னும் அகலமாகத் திறந்தார். குறடு போனது தெரியாது, வந்தது தெரியாது. கடைவாய்ப்பல் தட்டில் ‘ணங்’ என்று விழுந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை ஆட்டி அப்போதும் மறுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா டிவியையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டர் நிதானமாகக் கையுறையைக் கழற்றினார்.

"ரெண்டு பேர் சொல்றதும் தப்பு. தேங்க்ஸ் சொன்ன பிறகு, அலமாரிக் கதவை உள்ளேருந்து இன்னும் கொஞ்சம் இழுத்துச் சாத்திக்கிறான். அதைப் பாத்தீங்களா?"

பரிசோதகரின் மனைவி வாசலை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். "எங்க, இன்னொரு தடவை போடுங்க."

டாக்டரே ரிமோட்டைத் தேடி எடுத்தார்.