எந்த நடையில் கடித்தது

அண்ணே, ஞாயிறுதோறும் ஆட்களை நடக்கக் கூட்டிப்போவாயே, அந்த நடைகளுக்கு நீ வைத்த பெயர்களைத்தான் நம் நகரில் இன்னும் சொல்கிறார்கள். காபி நடை, இட்லி நடை, பரோட்டா நடை. முட்டி வலிக்காரர்களுக்குக் குளக்கரை. ஒரு காபி குடித்துவிட்டுப் போனால் போதும். கொஞ்சம் பழகியவர்களுக்குக் கரிவலம் பக்கத்துப் பாறைக்காடு. நாலு இட்லியாவது உள்ளே போகவேண்டும். நன்றாக நடக்கிறவர்களை மட்டும் சிவகிரிக்கு மேற்கே மலையடிவார ஓடைக்குக் கூட்டிப்போவாய். திரும்பும்போது பரோட்டாக் கடையில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

"ஓடைக்குச் செருப்பு போட்டுட்டு வந்தவரு அப்படியே பஸ் ஏறி வீட்டுக்குப் போங்க வே. இது மாமியார் வீடு இல்ல, மலையாக்கும்" என்பாய். நீயும் அங்கே ஷூ இல்லாமல் போனதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பாம்பு கடித்தது. அன்று உன்கூடத் தனியாகப் போன, டெம்போ ஓட்டுகிற உன் கூட்டாளிதான் ஆஸ்பத்திரி வாசலில் சொன்னான். "ஓடைகிட்ட கடிச்சிட்டு. அங்கன இருந்து தூக்கிட்டு வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு." அம்மா நம்பினாள். நானும் நம்பினேன்.

காரியம் முடிந்து வீடு கழுவும்போது கட்டிலுக்கு அடியில் உன் ஷூ கிடந்தது.

அதற்குப் பிறகு அவன் முகத்தையே என்னால் பார்க்க முடியவில்லை. தினமும் வருவான். அம்மாவுக்கு மாத்திரை வாங்கித் தருவான், ஃபேனை ரிப்பேர் பார்ப்பான். இவ்வளவு ஏன் செய்கிறான்? என்னைப் பார்த்தால் ஏன் தலையைக் குனிகிறான்? இரண்டு பேருக்கும் சண்டையா? உன்னை விட்டுவிட்டு ஓடினானா? நைட்டி தைக்கிற இடத்தில் மெஷினை மிதித்துக்கொண்டே இதைத்தான் நினைப்பேன். எட்டாவதோடு நின்றவள் நான். போலீஸ் மாதிரி விசாரிக்கத் தெரியாது. ஒருநாள் ஷூவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன்.

"இது எப்படி இங்கன இருக்கு?"

"அன்னைக்கு வேற ஷூ போட்டிருந்தான்."

"அவனுக்கு ஏது வேற ஷூ? நானே இத தவணையில வாங்கிக் கொடுத்தேன்."

"ஏ பிள்ள, சத்தம் போடாத. அம்மா காதுல விழும்."

"விழட்டும். எங்க வச்சுக் கடிச்சிச்சு?"

தெருமுனைக்கு நடந்தான். நானும் பின்னாலேயே போனேன்.

"குளக்கரையில" என்றான்.

குளக்கரைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்டோவில் ஏறி இறங்குகிற தூரம்தான், அண்ணே.

"நான் உடனே வண்டிய எடுத்தேன் பிள்ள. அவன்தான் விஷத்துக்குக் கோயில் புத்து மண்ணு இருக்குல்லன்னான். அம்மா சட்டப்பையில வச்சுவிட்டதாம். எச்சியில குழைச்சுப் பூசினான். 'சங்கரங்கோயில்காரன பாம்பு என்னல செய்யும்'னு சிரிச்சான். செத்த நேரம் உட்காருவோம்னான். பொறவு கண்ணு சொருகிட்டு."

"அத ஏன் மறைச்சீரு?"

"வண்டியில வரும்போது, 'மண்ணப் பத்தி அம்மாட்ட சொல்லிராதல'ன்னான். கிட்டத்துலன்னு சொன்னா ஏன் லேட்டுன்னு ஊரே கேக்கும். அதான் தூரமாச் சொன்னேன்."

அழுதான். ஆனாலும் அவனை நான் முழுசாக நம்பவில்லை. உட்காரலாம் என்றது நீயா, அவனா? நீ இல்லாத இடத்தில் அவன் என்னவும் சொல்லலாம். அம்மாவிடம் கேட்டால் மண் வைத்தது உண்மையா என்று தெரிந்துவிடும். எப்படிக் கேட்பேன்?

கேட்காமலே தெரிந்துவிட்டது. போன வாரம் வேலைக்குக் கிளம்பும்போது என் கைப்பைக்குள் ஒரு புற்று மண் பொட்டலத்தைத் திணித்தாள். "அண்ணனுக்கும் இதத்தான் வச்சுவிட்டேன். அவன்தான் அன்னைக்கு அத்தந்தூரம் போயிட்டான். நீ பூச்சி பொட்டு பார்த்துப் போடி" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இதை எழுத முடிந்தது. வாசித்தவர்கள் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவளைப் பொறுத்தவரை என் அண்ணன் ஓடை வரைக்கும் போனவனாகவே இருக்கட்டும். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, அடுத்த முறை கைகூப்பும்போது அவனையும் நினைத்து எல்லோரும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.