சைக்கிளில் தேடிய கோடிச் சேலை

என் அக்கா செத்துப்போய்விட்டாள் என்று நான் முழுசாக நம்பினேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததுதான் என்னிடம் இருந்த ஒரே ஆதாரம்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகப் படும். மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும், தூரத்தில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தியைச் சாவு என்று சொல்வதில்லை. 'கொஞ்சம் முடியல' என்பார்கள். 'ஆஸ்பத்திரியில சேத்திருக்கு' என்பார்கள். வழியில் எங்கேயும் உடைந்துவிடாமல் அவன் வந்து சேர வேண்டும். தெருமுனையில் பந்தலைப் பார்த்த பிறகு உடைந்துகொள்ளட்டும் என்பது ஏற்பாடு. கேட்பவனும் நேராகக் கேட்பதில்லை. கேட்டால் அவர்கள் பதில் சொல்ல வேண்டி வரும். இந்த மாதிரி போன்களை நானே பல பேருக்குப் போட்டிருக்கிறேன். துக்க வீட்டில் என்னைத் தேடிப் பிடித்து, 'அண்ணே, நீங்க பேசுங்க, நீங்கதான் பதமாச் சொல்வீங்க' என்று போனைக் கையில் திணிப்பார்கள். அவ்வளவு தேர்ச்சி.

ஆகவே எனக்கே அப்படி ஒரு போன் வந்தபோது, முதல் வார்த்தையிலேயே பிடித்துவிட்டேன்.

அப்போது நான் நெதர்லாந்தில் இருந்தேன். திருநகரில் கோழித்தீவனம் விற்கிற எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கல்லூரியில் என்னோடு படித்தவன், மதுரைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் வீட்டுப் பையன், அந்த நாட்டில் ஒரு கால்வாய் ஊரில் வேலை பார்க்கிறான். எங்களுக்குள் பங்காளி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். வா வா என்று வருசக் கணக்காகக் கூப்பிட்டதில் ஒருவழியாகக் கிளம்பிப் போனேன். போன மறுநாளே ஒரு வாடகைச் சைக்கிளை என் கையில் கொடுத்து, "ஊரச் சுத்திப் பாக்குறதுன்னா இதுலதான்" என்றான்.

அந்தச் சைக்கிளுக்குக் கைப்பிடியில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் நிற்கும். ஒவ்வொரு முனையிலும் இல்லாத பிரேக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நிற்காமல் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த கிழவிகள் மணி அடித்து என்னை முந்தினார்கள். பழங்காநத்தம் ரவுண்டானாவில் லாரிக்கும் மினிபஸ்ஸுக்கும் நடுவே புகுந்து போகிறவன், ஒரு லாரியும் இல்லாத அந்த ஊரில் பயந்து செத்தேன்.

மூன்றாம் நாள் காலை, ஒரு பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்காவின் கணவர், எனக்கு மச்சான், எழுமலையில் விவசாயம் பார்க்கிறவர். அவராக எனக்குப் போன் போட்டதே கிடையாது.

"மாப்ள, சாப்பிட்டியா?"

எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது. நான் சாப்பிட்டேனா இல்லையா என்பதைப் பற்றி அந்த மனிதர் ஒருநாளும் கவலைப்பட்டவர் இல்லை.

"சொல்லுங்க மச்சான்."

"ஒண்ணுமில்ல, பதறாத. ஒங்கக்கா கீழ விழுந்துருச்சு. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம். நீ ஒண்ணும் கிளம்பி வர வேணாம்."

"அக்காகிட்ட குடுங்க."

"அது பேச முடியாது மாப்ள." பிறகு கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை.

வீட்டுக்காரிக்குப் போட்டேன். பஸ்ஸில் இருந்தாள். இரைச்சலில் இரண்டே துண்டுதான் கேட்டது. "அங்கதான் போறேன்" என்றாள். "எல்லாரும் வந்துட்டாக" என்றாள். எல்லாரும் எதற்கு வருவார்கள் என்று எனக்கா தெரியாது.

பக்கத்தில் நின்ற பங்காளியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவனும் மதுரைக்காரன்தானே.

"வர வேணாம்னா சொன்னாரு?"

"ஆமா."

"வான்னு சொன்னாக்கூடப் பரவாயில்ல பங்காளி. எங்க அத்தா மவுத்தானப்போ, 'லேசா மூச்சு வாங்குது, துவா செய், அலைய வேணாம்'னுதான் சொன்னாக." அவன் அப்பா இறந்த நாளைச் சொல்கிறான்.

இரண்டு பேரும் பாலத்துச் சுவரில் சாய்ந்து நின்றோம். கீழே ஒரு படகு போனது. படகில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. அந்த நாயின் கழுத்துப்பட்டை என்ன நிறம் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். பச்சை. அழுகை வரும் என்று சைக்கிளை ஓரங்கட்டிக் காத்திருந்தேன். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளுக்குள் கெட்டியாக, அடுத்தவனுடையதாக, என்னமோ ஒன்று இருந்தது. பயம் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. அது டிக்கெட் பார்க்க வைத்தது. அதற்குப் பிறகு கோடிச் சேலையை ஞாபகப்படுத்தியது.

கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை போக வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி என்போம். அதைப் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். எங்கள் அப்பா அம்மா இல்லை. அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். அந்தப் பிறந்த வீடு அப்போது வாடகைச் சைக்கிளோடு வெளிநாட்டுப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தது.

"பங்காளி, ஒரு சேலை வாங்கணும்."

அவன் என்னைப் பார்த்தான். உடனே புரிந்துகொண்டான். "எங்களுக்கு வெள்ளை. ஒங்களுக்கு என்ன கலரு?"

"மச்சான் இருக்காருல்ல. கலர்தான். செவப்பா இருந்தா நல்லது."

"மதுரையில எறங்கி வாங்கிக்கயேன். வெளக்குத்தூண்ல எங்க சாச்சா மகன் ஜவுளிக்கடை வச்சிருக்கான்."

"காலங்காத்தால எறங்குவேன். எவன் கடை தொறந்திருப்பான்? அதுக்குள்ள தூக்கிட்டா?"

"கோடி வராம எப்பிடிறா தூக்குவாக?"

அவன் சொன்னது நியாயம். ஆனால் பாலத்தில் சும்மா நிற்க முடியவில்லை. ஏறி மிதித்தேன். அவன் பின்னாலேயே வந்தான்.

அந்த ஊரை நான் ஒழுங்காகப் பார்த்தது அப்படித்தான். சுற்றிக்காட்ட அவன் வைத்திருந்த இடம் எதற்கும் போகவில்லை. துணிக்கடை இருக்கும் தெருக்களுக்குப் போனோம். துருக்கிக்காரர் கடையில் திரைத்துணி இருந்தது. சந்தையில் மேசைவிரிப்பு இருந்தது. சிவப்பாக ஒரு விரிப்பைப் பார்த்து நான் ஒரு நிமிடம் தயங்கினேன். "வேணாம் பங்காளி, அக்கா மன்னிக்காது" என்று இழுத்துக்கொண்டு வந்தான். எதிர்காற்று மூஞ்சியில் அறைந்தது. உசிலம்பட்டி ரோடு மாதிரி தட்டையான ஊர், காற்றுக்குத் தடுப்பே இல்லை. வழியெல்லாம் பூ விற்றார்கள். அழகாக இருந்தது என்று தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

கடைசியில் அவனுக்கு ஒரு தெரு ஞாபகம் வந்தது. எந்தக் காலத்திலோ வடநாட்டிலிருந்து, டச்சுக்காரர்கள் ஆண்ட சூரினாமுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். ஒரு கடையில் சேலை தொங்கியது. கல்லாவில் இருந்த அம்மாவுக்கு டச்சு தவிர எங்களுக்குப் புரிகிற பாஷை எதுவும் தெரியாது. பங்காளிதான் பேசினான்.

"கல்யாணமான்னு கேக்குது."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன். எதுக்கு வம்பு."

கல்யாணம் என்றதும் அந்த அம்மா ஜிகினாவும் கண்ணாடிக் கல்லும் வைத்த சேலைகளை எடுத்துப் போட்டது. நூல் சேலையே இல்லை. இருப்பதில் அடக்கமானதாக, சிவப்பில் மெல்லிய பொன் கரை போட்ட ஒன்றைத் தொட்டேன். நான் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள், அந்த அம்மா அதைத் தங்கக் கலர் தாளில் சுற்றி, ரிப்பனைப் பூவாக முடிந்து, என் கையில் கொடுத்து, கன்னத்தில் தட்டி வாழ்த்தும் சொன்னது. கோடிச் சேலையை ரிப்பன் கட்டி வாங்கியவன் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திரும்பும்போது முன்சக்கரம் டிராம் தண்டவாளப் பள்ளத்தில் இறங்கியது. இல்லாத பிரேக்கைப் பிடித்துக்கொண்டே விழுந்தேன். பொட்டலத்தை மட்டும் ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தேன். முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது. வலிக்கவில்லை. அழுவதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நடைபாதையில் உட்கார்ந்தேன்.

"அழுதுரு பங்காளி" என்றான் அவன்.

"வரலடா."

"எனக்கும் அன்னைக்கு வரல. ரொம்ப நாள் கழிச்சு, ஒரு சூப்பர் மார்க்கெட்டுல பேரீச்சம்பழம் எடுக்குறப்ப வந்துச்சு. செக்யூரிட்டி வந்து வெளிய கூட்டிட்டுப் போனான்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா மகனுக்கு விமான நேரத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். 'சரி மாமா' என்று பதில் வந்தது. ஒரு குட்மார்னிங்குக்குப் பத்துப் படம் அனுப்புகிற பிள்ளை, இரண்டே வார்த்தையோடு நிறுத்தியிருந்தான். அதையும் ஆதாரத்தில் சேர்த்துக்கொண்டேன். வீட்டுக்காரிக்குத் திரும்பப் போடவில்லை; கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். துபாய் வழியாகப் பறந்தேன். கொடுத்ததைத் தின்றேன். ஒரு தட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை.

மதுரை விமான நிலையத்தில் அக்கா மகன்தான் காரோடு நின்றான். கண் சிவந்து, தூங்காத முகம். நான் எதுவும் கேட்கவில்லை. அவனும் என் மடியில் இருந்த தங்கத்தாள் பொட்டலத்தைப் பார்த்தான், கேட்கவில்லை. கார் திருமங்கலம் பக்கம் திரும்பாமல் ஊருக்குள் திரும்பியது.

"எழுமலைக்குப் போகலையா?"

"இல்ல மாமா. அம்மா இங்கன ஆஸ்பத்திரியிலதான்."

போஸ்ட்மார்ட்டம் என்று முடிவு செய்தேன். விழுந்து இறந்தால் போலீஸ் வரும், அறுப்பார்கள், கையெழுத்துக் கேட்பார்கள். பழங்காநத்தம் நெரிசலில் கார் நின்றபோது அந்தச் சேலை அறுத்த உடம்பை மூடுகிற நீளமா என்று யோசித்தேன். அதையும் கணக்குப் போடுகிற மாதிரிதான் யோசித்தேன்.

மாடியில் ஒரு அறைக்குக் கூட்டிப் போனான். கட்டிலில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

முகம் பூசணிக்காயாக வீங்கி, தாடையைச் சுற்றிக் கட்டு. கண் மட்டும் அவளுடையது. அந்தக் கண் என் தலையிலிருந்து கால்வரை இறங்கி, முழங்கால் பிளாஸ்திரியில் நின்று, என்னடா இது என்று கேட்டது. நான் குளுக்கோஸ் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் அடியில் ஒரு சக்கரம் இல்லை. சந்தோசம் என்று ஒன்று வர வேண்டுமே என்று நின்றேன். அதுவும் வரவில்லை.

அக்கா கையை நீட்டினாள். பொட்டலத்தைத் தரவா, ஒளிக்கவா என்று தெரியாமல் நான் திணறுவதற்குள் வாங்கிப் பிரித்துவிட்டாள். சேலையைத் தடவினாள். மேலே வைத்துப் பார்த்தாள். வீங்கிய முகத்தில் கண் சுருங்கியது.

"நல்ல கலரு. எனக்கு வாங்கலையா?" என்றாள் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரி.

சுவரோரம் நின்ற மச்சான் என் தோளில் கை போட்டு வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஒத்தச் சேலையா மாப்ள?"

"ஆமா மச்சான்."

"செவப்பா."

"ஆமா."

"ஒண்ணுமில்லேன்னு அம்புட்டுத் தெளிவாத்தான சொன்னேன்."

"அதனாலதான் மச்சான்."

கீழே தெருவை எட்டிப் பார்த்தார். ஒரு ஆட்டோக்காரர் டிக்கியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட சொல்லிறாத" என்றார். "அவ பாட்டுக்குக் கட்டிக்கிருவா."

நடந்தது இவ்வளவுதான். ஆட்டுக்கொட்டகையைக் கழுவிவிட்ட ஈரத்தில் அக்கா வழுக்கி விழுந்தாள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் முகம் மோதிக் கீழ்த்தாடை உடைந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். அதனால் அவளால் பேச முடியவில்லை.