படம் எடுத்தவர் பெயர்

என் அக்கா வீட்டுக்காரரின் சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. வாட்டர்மார்க் என்றால் தெரியும். எந்தப் படத்தை வெளியே விட்டாலும் அதன் குறுக்கே தன் பெயரைப் போட்டுவிடுவார். ஓரத்தில் அடக்கமாக எல்லாம் கிடையாது. மாடிப்படிக் கைப்பிடி மாதிரி சாய்வாக, நட்டநடுவில் போடுவார். ஒருமுறை என் பிறந்த நாளுக்கு என் படத்தையே வாழ்த்தாக அனுப்பினார். என் மூக்கின் மேல் அவர் பெயர் இருந்தது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எந்தக் கம்பெனியிலும் மாதச் சம்பளம் வாங்காமல், கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் படமெடுத்துப் பிழைக்கிற மனுஷனுக்கு அந்தப் படம்தான் சரக்கு. அதை எவனாவது நெட்டிலிருந்து உருவி தன் காலண்டரில் போட்டுக்கொள்வான். கேட்டால், "உங்களுக்கும் விளம்பரம்தானே சார்" என்று பல்லைக் காட்டுவான். இதற்காகவே அத்தான் தன்னைப்போன்ற போட்டோகிராபர்களைத் திரட்டி ஒரு சங்கம் ஆரம்பித்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில் கூடுவார்கள். சுவரெல்லாம் போக்குவரத்துச் சின்னங்கள். 'முந்தாதே' என்ற படத்துக்குக் கீழே நின்றுதான் அத்தான் பேசுவார். நான் படம் அச்சடிக்கும் லேபில் வேலை பார்ப்பவன். அதனால் எனக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டு.

"படத்தைத் திருடுறவன் வெறும் படத்தைத் திருடலைங்க. எடுத்தவன் அந்த இடத்துல போய் நின்னான் பாருங்க, அந்த நிக்கிறதையே திருடுறான்" என்பார். கைதட்டல் அடங்கியதும், "ஓசிக்கு யாரும் வேலை செய்யாதீங்க. கூட வர்ற ஆளுக்கும் சேர்த்தே கூலி கேளுங்க" என்பார். அதற்கும் கைதட்டுவார்கள்.

அவருக்குக் கூட வருகிற ஆள் என் அக்கா. இரண்டாவது கேமரா அவள் கையில் இருக்கும். மேடையும் மாலையும் அவருக்கு. குழந்தைகள், கிழவர்கள், மூலையில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாம் அவளுக்கு. வீட்டுக்கு வந்ததும் இரண்டு கேமராவின் கார்டுகளையும் ஒரே ஃபோல்டரில் கொட்டுவார்கள். எடுத்த நேரப்படி வரிசையாக்கி, ஒட்டுமொத்தமாக அத்தான் பெயரைப் போட்டுவிடுவார்கள். இந்தத் தொழிலில் புருஷனும் பெண்டாட்டியுமாக வேலை செய்கிற பாதிப் பேர் இப்படித்தான். ஒரே பானைச் சோற்றில் எந்தப் பருக்கை யாருடையது என்று யார் பார்க்கிறார்கள்? வாடிக்கையாளருக்கு அத்தான் கொடுக்கிற விலைப்பட்டியலில் 'இரண்டாவது கேமரா இலவசம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நான்தான் அதை அச்சடித்துக் கொடுப்பேன். அத்தானிடம் வாய் கொடுத்து மீள முடியாது என்று பேசாமல் இருந்துவிடுவேன்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த படம் ஒன்று உண்டு. ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் எடுத்தது. ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வருகிற ஒரு சின்னப் பெண், கழன்றுபோன ஒரு ஷூவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தபடி ஓடி வருவாள். ஜெயித்தவள்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டாள். வீட்டு முன்னறையில் வாடிக்கையாளர்களுக்குக் காட்ட மாட்டியிருக்கிற படங்களில் இதற்குத்தான் நடு இடம்.

வருகிறவர்களிடமெல்லாம் அத்தான் அதன் கதையைச் சொல்வார். "எல்லாரும் ஜெயிச்ச பொண்ணு பின்னாடி ஓடினாங்க. நான் மட்டும் நகரலை. கடைசியா வர்றவளுக்காக மண்டி போட்டுக் காத்திருந்தேன்." சொல்லும்போது முழங்காலைத் தட்டிக் காட்டுவார். அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அந்தப் படம் ஒரு நாள் பெரிய சிக்னலுக்கு மேலே, மூன்று மாடி உயரத்துக்கு நின்றது. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் விளம்பரம். பச்சை விழுந்தும் அத்தான் ஸ்கூட்டரை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டித் தீர்த்தார்கள். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த நான்தான் வண்டியை ஓரமாகத் தள்ளினேன்.

"என் பேரைத் துடைச்சிருக்கான் மச்சான், சுத்தமா துடைச்சிருக்கான். யாரோ உட்கார்ந்து, என் பேர் இருந்த இடத்துல புல்லை வரைஞ்சிருக்கான்." பாவமாக இருந்தது எனக்கு.

அந்த மாதக் கூட்டத்துக்கு உட்கார இடமில்லை. சங்கம் கையிலெடுக்கும் முதல் வழக்கு இதுதான் என்று முடிவானது. இதில் ஜெயித்தால் பெயரோடு கூலியும் கொடுக்காமல் இனி எவனும் படத்தைத் தொட மாட்டான், தோற்றால் சங்கத்தை மூடிவிட்டுப் போகலாம் என்றார்கள். ஒரு வக்கீலம்மா வழக்கை எடுத்துக்கொண்டார். அவர் நோட்டீஸ் அனுப்பியதும் கம்பெனி இறங்கி வந்தது. பெயர் போடுகிறோம், உரிய தொகையும் தருகிறோம், ஒரிஜினல் ஃபைலை மட்டும் காட்டுங்கள் என்றார்கள்.

அதைத் தேடத்தான் ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். அக்கா வீட்டில் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்கை மாட்டி அந்த ஃபோல்டரைத் திறந்தோம். ஒவ்வொரு ஒரிஜினலுக்குள்ளும் அது எந்தக் கேமராவில் எடுத்தது என்று ஒரு நம்பர் பதிந்திருக்கும். நான் அதைத் திறந்து படித்தேன். அத்தான் எழுந்து போய்த் தன் கேமராவின் அடிப்பக்கத்தில் இருக்கும் நம்பரைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அக்காவின் கேமராவை எடுத்துப் பார்த்தார். அதைக் கீழே வைக்காமலே நின்றுகொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கேமராவை மாத்திக்கிட்டோமோ என்னவோ" என்றார்.

இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அதே கேமராவில் அதற்கு முன்பு எடுத்த படத்தைத் திறந்தேன். அதே பெண், இன்னும் கொஞ்சம் தூரத்தில் ஓடி வருகிறாள், ஷூ கையில்தான். படத்தின் இடது மூலையில் பரிசு மேடை தெரிந்தது. மேடைக்குக் கீழே ஒருவர் கேமராவைத் தூக்கிப் பிடித்து ஜெயித்த பெண்ணை எடுத்துக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. அந்தச் சட்டையும் அந்த வழுக்கையும் எனக்கு நன்றாகத் தெரியும்.

அத்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் செத்துப்போய்விட்டது. "நான் மண்டி போட்டேன் மச்சான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பொய் என்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். மனுஷன் முழு மனதோடு நம்பியிருக்கிறார்!

அந்த நேரம் பார்த்து வக்கீலம்மாவிடமிருந்து போன். நம்பர் வேறு கேமராவைக் காட்டுகிறது என்று மட்டும் அத்தான் சொன்னார். "அதுவும் நீங்க வாங்கின கேமராதானே? பில் உங்க பேர்லதானே இருக்கு? அப்புறம் என்ன சார் யோசனை, அனுப்புங்க" என்று அவர் வைத்துவிட்டார். விஷயம் அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்த முந்தைய படத்தை அழித்துவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. அத்தானின் விரல் அதன் மேல்தான் இருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் விரலை எடுத்துக்கொண்டார், நெருப்பைத் தொட்டவர் மாதிரி.

அக்கா வந்ததும் திரையைப் பார்த்தாள். காய்கறிப் பையை மேசை மேல் வைத்தாள். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"மண்டி போட்டது நான்தான். முட்டியில கல்லு குத்தி பேன்ட் கிழிஞ்சுபோச்சு. நீங்கதான் அன்னைக்கு மருந்து போட்டு விட்டீங்க" என்றாள்.

"ஏன் சொல்லலை?"

"முதல்ல நீங்க சொன்னது வந்திருந்தவங்க முன்னாடி. அங்க எப்படி மறுக்கிறது? ஆளுங்க போனதும் நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் கதை நல்லாவே வந்துச்சு." சாய்ந்த காய்கறிப் பையை நிமிர்த்தி வைத்தாள். "போகப் போக எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க. நான் எடுக்கலையோன்னு."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். திருடியவனை நடுத்தெருவில் நிறுத்திவைத்தால் எப்படி இருப்பானோ, அப்படித் தன் சொந்த வீட்டில், தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவமானம் என்றால் காதெல்லாம் சிவக்கும் என்று சொல்வார்கள். எனக்கு அன்றுதான் அதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

அடுத்த கூட்டத்தில் அவர் பேச எழுந்ததும் விசில் பறந்தது. கம்பெனி இறங்கி வந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஜெயித்த மாதிரிதான் என்று நினைத்தார்கள். அக்கா கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வரமாட்டேன் என்றவளை நான்தான் இழுத்து வந்திருந்தேன்.

"வழக்கு சரிதான். ஆள்தான் தப்பு. அந்தப் படத்தை எடுத்தது நான் இல்லை, என் வீட்டுக்காரி" என்றார் அத்தான்.

யாரோ சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து. அத்தான் சிரிக்காததைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. அவர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருமுறை கட்டினார், ஒருமுறை பையில் விட்டார்.

கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் எழுந்தார். வாயில் நல்லதே வராத ஆள். "அப்ப உங்களுக்கும் அந்தக் கம்பெனிக்கும் என்னண்ணே வித்தியாசம்?"

"வித்தியாசம் இருக்கு. அவங்க முகம் தெரியாதவங்க பேரைத் துடைச்சாங்க. நான் அப்படிச் சொல்ல முடியாது. பக்கத்துலயே இருந்தவங்க பேரைத்தான் துடைச்சிருக்கேன்." வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். "கூட வர்ற ஆளுக்கும் கூலி கேளுங்கன்னு இந்த இடத்துல நின்னுதான் பேசினேன். என் விலைப்பட்டியல்ல என் பெண்டாட்டி ஓசி."

கைதட்டல் ஏதும் இல்லை. முன்வரிசையில் மனைவியோடு சேர்ந்து தொழில் செய்கிற இரண்டு மூன்று பேர் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பெருமையாலா கோபத்தாலா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பாள்.

அக்காவின் பெயரிலேயே ஒரிஜினலை அனுப்பினோம், கம்பெனி ஒத்துக்கொண்டது. விளம்பரப் பலகையின் கீழ் ஓரத்தில் அக்காவின் பெயர் வந்தது, தொகையும் அவள் கணக்குக்கே போனது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அத்தானுக்கு முடியவில்லை. வேலைக்குப் போகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் பழைய ஃபோல்டர்களைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாகக் கேமரா நம்பரைப் பார்த்தார். யாராவது வீட்டுக்கு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். வாட்டர்மார்க் என்று யாராவது கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு நாள் அக்காவும் நானும் வெளியே போய்விட்டு வந்தபோது முன்னறைச் சுவர் ஏறக்குறைய காலியாக இருந்தது. ஆணிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கழற்றிய படங்களையெல்லாம் ஸ்டூலுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்துவிட்டு அத்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். "இதெல்லாம் உன்னோடது. என் பேர்ல தொங்கிட்டிருந்துச்சு. உன் பேரைப் போட்டு மாட்டணும்" என்றார். சுவரில் மிச்சம் இருந்த இரண்டும் சுமார் ரகம். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

அக்கா குனிந்து அடுக்கில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அடியிலிருந்து ஒன்றை உருவினாள். ஆற்றின் நடுவே படகோட்டி ஒருவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற படம்.

"இதை ஏன் கழட்டினீங்க?"

"உன் கேமரா நம்பர்தான் காட்டுது."

"அன்னைக்கு உங்க பேட்டரி தீர்ந்துபோய் என் கேமராவை வாங்கினீங்க. படகு விளிம்புல ஏறி நின்னு எடுத்தீங்க. தண்ணிக்குள்ள விழுந்துடப் போறீங்கன்னு நான் பின்னாலிருந்து உங்க பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். இது உங்களோடது."

அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்க்க முடியாமல் மறுபடி குனிந்துகொண்டார். அவள் அந்தப் படத்தை முந்தானையால் துடைத்து, நடு ஆணியில் மாட்டி, சாயாமல் நேராக இருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்தாள்.

"வேற எது எது என்னோடது?" என்று அவர் கேட்டார். குரல் தரையைப் பார்த்தே வந்தது.

அக்கா அடுக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "இருங்க, சொல்றேன்" என்றாள்.