மேஜையை அவர்களுக்கு விட்ட ஒரு மணி நேரம்

கிட்ட வாங்க கண்ணுகளா. கதவோரம் உட்கார்ந்திருக்கிறவர்களும் உள்ளே நகர்ந்து வாருங்கள். ஒரு கதை சொல்கிறேன். கதை என்பது வாய்ப் பழக்கத்துக்குச் சொல்வது. இது நடந்தது. எனக்கே நடந்தது. பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் படிக்கவில்லை. ஆனால் மணி பார்க்கத் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. சரி சரி, சின்னச் சின்னப் பொய் தெரியும். இது அந்தக் கணக்கில் வராது.

நான் இருபத்திரண்டு வருஷம் ஒரு பில்லியர்ட்ஸ் ஹாலில் வேலை பார்த்தேன். ஆடியதில்லை. ஆறு குழி மேஜைக்குப் பச்சைத் துணி போடுவது என் வேலை. பழைய துணியைப் பிரித்து, அடியில் உள்ள கல்பலகையைத் துடைத்து, புதுத் துணியை இழுத்து ஆணி வைத்து, ஒரே பக்கமாக பிரஷ் போட்டு, கடைசியில் இஸ்திரி போடவேண்டும். சுருக்கம் ஒன்று இருந்தாலும் பந்து காட்டிக் கொடுத்துவிடும். எல்லோருக்கும் நான் "துணியக்கா."

அந்த ஹால் சுவரில் பழைய ஆட்டக்காரர்கள் மூன்று பேருடைய படங்கள் இருந்தன. மூன்று பேரையும் நான் பார்த்திருக்கிறேன். மூன்று பேரும் என்னை "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதல் படம் தையல்காரர். அடிப்பதற்கு முன் உள்ளங்கையால் துணியை ஒரு தடவு தடவுவார், சட்டைத் துணியை நீவி விடுகிற மாதிரி. ஒரு தடவை ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போய்விட்டது. "யாரும் அசையாதீங்க" என்றார். இருட்டிலேயே ஒரு தடவல், ஒரு அடி. கரண்ட் வந்தபோது, கடைசியாகக் குழியில் விழவேண்டிய கறுப்புப் பந்து மேஜையில் இல்லை. இரண்டாவது வாத்தியார். பந்து அடிக்கிற கோலின் அடிப்பக்கத்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். வகுப்பு ஆரம்பம் என்று அர்த்தம். மூன்றாவது இருமல் அண்ணன். ஒரே ஒரு இருமல், அப்புறம் அடி. அந்த இருமலைக் கேட்டதும் எதிராளி கோலைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்துகொள்வான். அந்த நெஞ்சுதான் கடைசியில் அவரைக் கொண்டுபோனது.

மூன்று பேரும் போய்ச் சேர்ந்த பிறகு முதலாளி ஒரு வழக்கம் வைத்தார். வருஷத்தில் ஒரு நாள் அவர்களுடைய நினைவு நாள். அன்றைக்கு முதல் மேஜைக்குப் புதுத் துணி. பந்துகளை முக்கோணமாக அடுக்கி, அவர்களுடைய மூன்று கோல்களையும் சுவரில் சாத்தி, மேஜை விளக்கைப் போட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார். ஆறு மணிக்குத்தான் திறப்பார். அந்த ஒரு மணி நேரம் மேஜை அவர்களுக்கு. உள்ளே யாரும் போகக் கூடாது. ஆறு மணிக்கு அந்த மூவரைப் பற்றிப் பேசுவோம். அப்புறம் ஒரே ஒரு ஆட்டம். எங்கள் ஹாலின் முதல் ஆட்டக்காரரும், ஜெயிக்க வேண்டும் என்று வந்து நிற்கும் ஒருவரும் ஆடுவார்கள். முதல் ஆட்டக்காரர் தோற்றால் கோலை மாட்டிவிட்டு இறங்கிவிட வேண்டும். ஹாலில் ஆட்டம் கற்றுக்கொடுக்கும் வேலையும் ஜெயித்தவருக்கே போகும்.

எங்கள் முதல் ஆட்டக்காரன் என் தம்பி.

அவனுக்கு வேறு வேலை தெரியாது. பெண்டாட்டி, பத்து வயதில் ஒரு பெண். அந்த வருஷம் அவனுடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. டீ கிளாஸ் நழுவும். சாவி நழுவும். மூன்று மாதமாகப் பயிற்சிக்கு வராமல் ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆட வந்தவன் பக்கத்துத் தெரு ஹால்காரன். எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டே இருப்பான், அதனால் "சிரிப்பழகன்."

நினைவு நாளன்று மத்தியானத்திலிருந்தே மழை. நாலரை மணிக்குத் துணிக்கு இஸ்திரி போட்டு முடித்தேன். முதலாளி பந்துகளை அடுக்கினார். சரியாக ஐந்துக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. பின்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து பதினொன்று. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இஸ்திரிப் பெட்டி! மேஜைக்குப் பக்கத்து மர பெஞ்சில் வைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேனா... பிடுங்கவில்லை. பெஞ்சு மேலே வெட்டி மிஞ்சின துணி. சுவரெல்லாம் பலகை.

முதலாளியிடம் சொன்னால் என்னைப் பார்க்கிற பார்வையே போதும், வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியாமல் பின்கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஐந்து பதினான்கு.

உள்ளே ஒரே விளக்கு. மேஜைக்கு மேலே மட்டும் வெளிச்சம். பந்துகள் அடுக்கினபடியே இருந்தன. பெஞ்சைப் பார்த்தேன்.

இஸ்திரிப் பெட்டி நிமிர்த்தி வைத்திருந்தது. பிளக் பிடுங்கியிருந்தது. ஒயர் சுருட்டி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தது.

நான் ஒயரைச் சுருட்டுகிற வழக்கமே இல்லை.

முதலாளி செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு பெட்டியைத் தொட்டேன். நெருப்பாகச் சுட்டது. அப்படியென்றால் பிடுங்கி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது...

டொக்.

டொக்.

தரையில் மரம் தட்டுகிற சத்தம். திரும்பினேன். மூன்று கோல்களும் சுவரில் சாத்தினபடியே இருந்தன. எதுவும் அசையவில்லை.

படார்!

முக்கோணம் சிதறியது. பதினைந்து பந்தும் நாலா பக்கம் ஓடின. வெள்ளைப் பந்து தானாக உருண்டு வந்து நடுவில் நின்றது.

ஓடியிருக்கலாமே என்பீர்கள். கண்ணுகளா, அந்த ஹாலில் வருஷக்கணக்காகப் பழகின கால் இது. ஒருவர் அடிக்கக் குனிந்தால் பார்க்கிறவர் அசையக் கூடாது, மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அப்படி அசைந்தால் பெரிய மரியாதைக் குறைவு. என் கால் நின்றுவிட்டது. பயத்தில் நிற்கவில்லை. பழக்கத்தில் நின்றது.

துணியைப் பார்த்தேன். நான் ஒரே பக்கமாகப் படிய வைத்த துணி. அதில் ஒரு கை அகலத்துக்கு, மெதுவாக... நிறம் மாறிக்கொண்டே போனது. யாரோ தடவுகிறார்கள்.

மஞ்சள் பந்து இடது மூலையில் விழுந்தது.

நீலம். நடுக்குழி.

ஒரு இருமல்.

என் காதுக்குப் பக்கத்தில்.

சிவப்பு. ஊதா. ஆரஞ்சு...

ஒருவர் பங்குக்கு ஏழு பந்து, ஏழும் விழுந்தன. இனிக் கறுப்பு விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

விழவில்லை.

எல்லாம் நின்றது. மழைச் சத்தம்கூட நின்ற மாதிரி இருந்தது. என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. நான் ஏதோ கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறார்கள்...

வாய் தானாகத் திறந்தது.

"அண்ணே... உங்க தங்கச்சிதான். துணி போடுறவ. என் தம்பி கை நடுங்குது. அவனை விட்டா அந்தக் குடும்பத்துக்கு யாரும் இல்லை. அவன் கையைப் பிடிச்சுக்கங்க. அது போதும்."

ஒரு நொடி.

இரண்டு.

கறுப்புப் பந்து யாரும் அடிக்காமலே நகர்ந்தது. அவசரமே இல்லாமல் உருண்டு போய், குழி விளிம்பில் நின்று, விழுந்தது.

ஐந்து முப்பத்தொன்று. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. செருப்பு கையிலேயே இருந்தது.

ஐந்து ஐம்பதுக்குத் தம்பி நனைந்துகொண்டு வந்தான். வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தான்.

"என்னக்கா, முகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு? பேயைப் பார்த்தியா?"

"வாயைக் கழுவுடா. கை எப்படி இருக்கு?"

"காலைல சட்டைப் பித்தான்கூட போட முடியலை. பாப்பாதான் போட்டுவிட்டா." குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கு மானம் போகப் போகுதுக்கா. நீ பார்க்காத. வீட்டுக்குப் போயிடு."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் சிரிப்பழகன் வந்துவிட்டான். "என்ன மாமா, கோலை மாட்ட ஆணி அடிச்சாச்சா? சுத்தியல் வேணும்னா சொல்லுங்க, கொண்டு வந்திருக்கேன்!" கூட்டம் சிரித்தது. தம்பியும் சிரித்தான். பாக்கெட்டுக்குள் அந்தக் கை ஆடுவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

சரியாக ஆறு மணி. முதலாளி கதவைத் திறந்தார்.

பந்துகள் முக்கோணமாக அடுக்கியிருந்தன. பதினைந்தும். ஒரு பந்துகூட நகரவில்லை.

எல்லோரும் படங்களைப் பார்த்தார்கள். நான் துணியைப் பார்த்தேன். முதல் அடி பலமாக அடிக்கும்போது புதுத் துணியில் வெள்ளைப் பந்து இருந்த இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு தழும்பு விழும். துணி போடுகிறவளுக்குத்தான் அது கண்ணில் படும். இஸ்திரி போட்டபோது அது இல்லை.

இப்போது இருந்தது.

முதலாளி பேசினார். தையல்காரர் இருட்டில் அடித்ததைச் சொன்னார். வாத்தியார் ஒரு தடவைகூடத் தோற்றவனைக் கேலி செய்ததில்லை என்றார். இருமல் அண்ணன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் "யார் ஜெயிச்சாங்க?" என்று கேட்டதைச் சொன்னபோது கூடியிருந்த நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆட்டம் ஆரம்பித்தது.

தம்பி கோலை எடுத்தான். நடுங்கியது. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடுங்கியது. சிரிப்பழகன் வாயைப் பொத்திக்கொண்டான்.

டொக். டொக்.

தம்பிதான் தட்டினான். பிறந்ததிலிருந்து அவன் அப்படித் தட்டியதில்லை. அப்புறம் உள்ளங்கையால் துணியைத் தடவினான். ஒரே ஒரு இருமல்.

"அடடா! பெரியவங்களை நடிச்சுக் காட்டுறான்யா!" என்று யாரோ கை தட்டினார்கள். கூட்டமே தட்டியது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடுக்கம் நின்றிருந்தது.

தம்பி என்னைத்தான் பார்த்தான். அந்தக் கண்ணில் பெருமை இல்லை. தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிற ஆள் கரையைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

படார்.

மஞ்சள், இடது மூலை. நீலம், நடுக்குழி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்து எது என்று எனக்குத் தெரியும். சிவப்பு. ஊதா. ஆரஞ்சு...

ஆறு நாற்பதுக்குக் கறுப்பு விழுந்தது. சிரிப்பழகனுக்கு ஒரு அடிகூட அடிக்க வாய்ப்பு வரவில்லை. பாவம், அன்றைக்குத்தான் அவன் பல்லை மூடி நான் பார்த்தேன்.

கூட்டம் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆடியது. இறக்கி விட்டதும் நேராக என்னிடம் வந்தான்.

"அக்கா. நான் ஆடலை."

"என்னடா உளர்ற?"

"கை அது பாட்டுக்கு முன்னாடி போச்சு. நான் பின்னாடியே நடந்தேன். அவ்வளவுதான்." அந்தக் கையை என் கையில் வைத்தான். "தொட்டுப் பாரு. எனக்கு இதுல ஒண்ணுமே தெரியலை."

கல்பலகை மாதிரி இருந்தது. மழைநாளில் துணி போடாத கல்பலகை.

ஒன்பது நாள் கழித்து நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி வைத்து, ஒயர் வைத்து, ஒரு மணி நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார், "இந்தக் கையால எதையாவது பிடிச்சு எத்தனை மாசம் ஆச்சு?"

"போன வாரம் ஆடினேன் டாக்டர்."

"இடது கையாலயா?"

"இல்லை. இதே கை."

டாக்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். "அம்மா, இந்த நரம்பு செத்து, குறைஞ்சது ரெண்டு மாசம் ஆகுது. நடுங்கினதுகூட தோள்லேருந்து வந்த நடுக்கம். இந்த விரல்ல ஒரு ஸ்பூன்கூட நிக்காது. ஆடியிருக்கவே முடியாது."

ஆனால் நாற்பது பேர் பார்த்தார்களே! சொல்லி என்ன ஆகப்போகிறது?

தம்பி கோலை மாட்டிவிட்டான். ஜெயித்தவன் என்பதால் முதலாளி கற்றுக்கொடுக்கும் வேலையை அவனுக்கே விட்டுவிட்டார். வாயால் சொல்லிக் கொடுத்தான். குடும்பம் பிழைத்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவன் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் ஐந்தேகால் இருக்கும். தம்பி கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் பெண் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய தலைமேல் அப்பாவின் வலது கை இருந்தது. மெதுவாக முடியைக் கோதிக்கொண்டிருந்தது.

சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பாவுக்குக் கை சரியாயிடுச்சா கண்ணு?"

அவள் தலையை அசைக்கவில்லை. நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"சத்தம் போடாதீங்க அத்தை. தினமும் இந்த நேரத்துக்கு வருவாங்க. ஆறு மணிக்குப் போயிடுவாங்க. இது அப்பா கை இல்லை."

கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். எதுவரைக்கும் என்று சொல்ல மறந்துவிட்டேன் கண்ணுகளா. அப்புறம் எத்தனையோ நினைவு நாளில் அந்த மூன்று படத்துக்கு முன்னால் நின்று, விட்டுவிடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் விடவில்லை. தம்பிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவனைப் பார்க்கப் போனாலும் ஐந்து மணிக்கு முன்பே கிளம்பிவிடுகிறேன்.

போதும். நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள். வழியில் பார்த்துப் போங்கள். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். பிள்ளைகள் பயமில்லாமல் தூங்கட்டும். உங்கள் தலையைத் தடவுகிற கை ஒவ்வொன்றும், தடவுகிறவருடைய சொந்தக் கையாகவே இருக்கட்டும்.