ஐந்தாம் நம்பர் எழுத்து

கடைகளுக்கு விளம்பரம் எழுதிக் கொடுக்கும் தொழிலில் பெயிண்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். எழுதச் சொன்னவரின் சந்தேகம் மட்டும் தீபாவளி போய்த் தைப்பூசம் வந்தாலும் காயாது. பேனர் எழுதியவர்கள், கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவர்கள், ரவிக்கை தைத்தவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். நாமெல்லாம் ஒரே கையால் அடி வாங்கியவர்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு சீனரின் விளம்பரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு பெண் பிள்ளை ஏணி ஏறிப் பிரஷ் பிடிக்கிறதே என்று பார்ப்பதற்கே சிலர் வருவார்கள். மலாய், ஆங்கில எழுத்துக்கு வெளிநாட்டு ஷீட்டுகள் இருந்தன. தாளின் மேல் வைத்துத் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும். தமிழுக்கு எங்கள் கடையில் இருந்தது என் கைதான். வருகிறவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்க, ஒரு பலகையில் ஐந்து விதமாக எழுதி நம்பர் போட்டு மாட்டியிருந்தேன். குண்டு, நிழல், சுருள், சாய்வு என்று முதல் நான்கும் யாரும் எழுதக்கூடியவை. ஐந்தாவது என் சொந்தச் சரக்கு. பட்டைப் பிரஷில் பெயிண்டைக் குறைவாகத் தொட்டு ஒரே இழுப்பாக இழுப்பேன். எழுத்தின் வால் முடிமுடியாகப் பிரிந்து நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வரும்.

கறுப்புத் துணி

சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் தொழிற்சங்கத் தலைவர் இறந்துவிட்டார். தொழிலாளிகளுக்காக மேனேஜர் முன்னால் நிமிர்ந்து நின்று பேசிய மனிதர். அவருடைய தம்பி காலையில் கறுப்புத் துணியோடு கடைக்கு ஓடி வந்தார். சாயங்காலம் உடலை எடுக்கிறார்கள். சுருளும் நிழலும் போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று ஐந்தாம் நம்பரில் இழுத்துவிட்டேன்.

தம்பி அந்தத் துணியை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். பிறகு சொன்னார்: "அக்கா, நாங்க அழுவுறது இருக்கட்டும். எழுத்தே அழுவுது."

மலிவு விற்பனை

அந்தப் பாராட்டுதான் எனக்குச் சனியாக வந்து பிடித்தது. ஊர்வலத்துக்கு வந்த கூட்டம் கொஞ்சநஞ்சமில்லை. தாப்பாவிலிருந்தும் பீடோரிலிருந்தும் லாரி லாரியாக வந்திருந்தார்கள். பத்திரிகையில் பேனரின் படமும் வந்துவிட்டது. தீபாவளி நெருங்கும்போது புடவைக் கடைக்காரர் ஒருவர் பேனர் கேட்டு வந்து, "ஒன் இஷ்டம்போல எழுதும்மா" என்றார். என் இஷ்டம் என்றால் வேறென்ன? மஞ்சள் துணியில் சிவப்பாக ஐந்தாம் நம்பர். விரித்துக் காட்டியதும் மனிதர் பின்னால் நகர்ந்தார்.

"இது சாவு எழுத்துல்ல?" என்றார். துணி மஞ்சள், பெயிண்ட் சிவப்பு, எழுதியிருப்பது மலிவு விற்பனை, இதில் சாவு எங்கே இருக்கிறது என்று நானும் விடாமல் கேட்டேன். அவர் துணியைச் சுருட்டி என் மேசை மேல் போட்டார். "மஞ்சத் துணி போத்துனா பொணம் மாப்பிள்ளையாயிருமா?"

வாசல் வளைவு

கோலா கங்சாரிலிருந்து ஒரு பெண், தன் கல்யாண வாசலுக்கு 'நல்வரவு' எழுதக் கொடுக்கத் தானே வந்தாள். பலகையைப் பார்த்தவள் நேராக ஐந்தின் மேல் விரல் வைத்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் கூட வந்த அத்தை குறுக்கே புகுந்து, "ஏண்டி, வேற எழுத்தே கெடைக்கலியா?" என்றார். ஊரே சாவு எழுத்து என்று சொல்வது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. நான் ஏணியில் நின்றபடியே வாதாடினேன். பூவைக் கல்யாணத்துக்கும் போடுகிறோம், சாவுக்கும் போடுகிறோம். அதற்காகப் பூ வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா?

பெண்ணுக்கு என் பேச்சு பிடித்திருந்தது. அத்தை அசைந்தால்தானே? "பூ வாடிப்போயிரும் தங்கச்சி. இது வாசல்ல நிக்கும். இதப் பாத்தா வாரவங்க கையில மொய்க் கவரு இருக்காது, மூங்கிலும் தென்னங்கீத்தும்தான் இருக்கும்லா."

ஷீட்டில் வந்த எழுத்து

இதற்குள் தவுக்கேக்குப் பொறுமை போய்விட்டது. முதலாளியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் சுங்கை சிப்புட்டில் தமிழர்களோடு வளர்ந்தவர். தமிழில் திட்டுவதற்கு அவருக்கு ஆள் துணை வேண்டாம். ஐந்தைக் கண்டதும் வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போகிறார்கள், சுரண்டி எடுத்துவிட்டு வேறு எழுது என்று ஒரு புதுக் கத்தியை வாங்கி வந்து என் மேசையில் வைத்தார். சீனப் பெருநாள் வரைக்கும் கெடு. அதற்குள் ஒருவராவது விரும்பி எடுத்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் சுரண்டு. "அதைச் சுரண்டினால் என்னையும் சேர்த்துச் சுரண்டிக்கொள்ளுங்கள்" என்றேன். சொன்ன பிறகுதான் வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

எனக்கு ஆத்திரம் மூட்டியது இன்னொன்று. அந்தச் சமயம்தான் புது ஆங்கில ஷீட் ஒன்று வந்திருந்தது. பிரஷால் இழுத்த மாதிரியே எழுத்து, வால் முடிமுடியாகப் பிரிந்திருக்கிறது! முடிவெட்டும் கடைக்காரர், கேக் கடைக்காரர், தையல் வகுப்பு டீச்சர் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். சாவு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஷீட்டைக் கொண்டுபோய் என் பலகைக்குப் பக்கத்தில் வைத்து, இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம், நீங்களே சொல்லுங்கள் என்று தவுக்கேயிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார். "சாமா இல்லலா, ரெண்டும் வேற. அது கப்பல்ல வந்துச்சு. ஒன்னுது பொணத்தோட வந்துச்சு."

போர்வையில் எழுதியது

சீனப் பெருநாளுக்குக் கடைத்தெருவில் சிவப்பு விளக்குகள் தொங்க ஆரம்பித்துவிட்டன. கத்தி மேசையிலேயே கிடந்தது. அப்போது சில பெண்கள் உள்ளே வந்தார்கள். அதே சிலிம் ரிவர் தோட்டம். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வீடுகளைக் காலி செய்ய லாரி வரப்போகிறது என்றார்கள். துணி வாங்க வழியில்லாமல் வீட்டுப் போர்வைகளை ஒன்றாகத் தைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். முன்னால் நின்றவர் மாரியாயி அக்கா, ரப்பர் மரத்தில் பால் எடுக்கிறவர். பலகையில் ஐந்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

கெடு தப்பியது என்று வாயை மூடிக்கொண்டு எழுதியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. "அக்கா, இத சாவு எழுத்துன்னு சொல்றாங்க. நீங்க வாழ எடம் கேட்டுப் போறீங்க" என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. "தெரியும். தலைவர் பொணத்துக்கு முன்னால ஒன் பேனரத் தூக்கிட்டுப் போனதே நானுதான். அவரு பேச வந்தாருன்னா ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி எந்திரிச்சு நிப்பான். இந்த எழுத்தப் பாத்தா அவரே திரும்பி வந்து நிக்கிற மாதிரி இருக்கணும் அவனுக்கு. எழுதும்மா."

அடுத்த தீபாவளி

எழுதினேன். 'வேறு வீடு கொடுக்காமல் வெளியேற மாட்டோம்.' போர்வையில் சுருக்கம் விழாமல் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவர் தவுக்கே. அவராக வந்துதான் பிடித்தார். லாரி வந்த அன்று லயமே அந்தப் பேனருக்குப் பின்னால் நின்றதாம். வந்த லாரி வெறுமனே திரும்பியது. வீடு இழுத்தடித்த பிறகுதான் வந்தது, அதுவும் பாதிப் பேருக்குத்தான். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் அன்றைக்கு ஒருவரும் சட்டி பானையைத் தூக்கவில்லை. பத்திரிகையில் படத்தைப் பார்த்துவிட்டு மற்றத் தோட்டத் தொழிலாளிகளும் அந்த எழுத்தையே கேட்டு வந்தார்கள்.

அடுத்த தீபாவளிக்குப் புடவைக் கடைக்காரர் வந்தார். இதற்கு முன் பார்க்காதவர் போலப் பலகையை மேலும் கீழும் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. கடைசியில் அவரே வாய் திறந்தார். "அஞ்சுலயே போடு. ஆனா கொஞ்சம் பதமா எழுதுலா தங்கச்சி, வாரவங்க பொடவ எடுக்கணும், கடைய மறியல் பண்ணக்கூடாது."

சாவு எழுத்து என்று சொன்னவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். அதைச் சுரண்டுவதற்கென்று வாங்கிய கத்தி, நான் அந்தக் கடையை விடும்வரை பெயிண்ட் டின் மூடியைத் திறக்கத்தான் பயன்பட்டது.